லாபம், ரெண்டு, மூண்டு

டீச்சர்,

இன்று காலை வகுப்பின் கணித மூலையிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த பெட்டி. மூடியைத் தூக்கியதும் உருகிப்போன றப்பர் பட்டியின் மணமும் பழைய புளியங்கொட்டையின் மணமும் ஒன்றாகக் கிளம்பி மூக்கில் ஏறின. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்கில் கட்டுகளில் றப்பர் ஒட்டிக்கொண்டு உரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கட்டுகள் நீங்கள் கட்டியவை. எல்லா ஈர்க்கிலும் ஒரே நீளம். நான் கட்டியவற்றைப் பார்த்து, "இது பத்தா, விளக்குமாறா?" என்று கேட்பீர்கள்.

நாம் இருவரும் ஒரே நாளில் இந்தப் பாடசாலைக்கு வந்தவர்கள். நீங்கள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், பழுகாமத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. நான் கடல் பக்கத்து எழுவான்கரையிலிருந்து தினமும் பாதை என்கிற மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து படுவான்கரைக்கு வருகிறவள். பாதை ஒருமுறை கரையை விட்டுப் புறப்பட்டால், மறுகரைக்குப் போய்த் திரும்பி மிதந்து வரும்வரை துறையில் காவல் நிற்க வேண்டியதுதான். பிந்தி வரும் நாளெல்லாம் அதையே சாட்டாகச் சொல்வேன். "பாதைக்காரனுக்கு நேரம் பார்க்கப் படிப்பிச்சது ஆருகா, நீங்களா?" என்பீர்கள். இத்தனை காலம் ஒன்றாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டும் நாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்களும் டீச்சர், நானும் டீச்சர். இப்போது மட்டும் பெயர் எழுத எனக்கு என்ன வந்தது?

சின்ன வகுப்புக்குக் கணக்குப் படிப்பிப்பது லேசு என்று மேல்வகுப்பு ஆசிரியர்கள் நினைத்தார்கள். நீங்கள் அவர்களோடு வாதாடப் போனதில்லை. "சொல்லு விளங்காத பிள்ளைக்கு எண்ணைக் குடுத்து என்ன செய்ய?" என்று என்னிடம் மட்டும் சொல்வீர்கள். ஒருத்தியிடம் எட்டு மாங்காய், மற்றவளிடம் ஐந்து, முதலாமவளிடம் எத்தனை கூட என்று கேட்டால் என் வகுப்பு முழுவதும் பதின்மூன்று என்று கத்தும். கரும்பலகையில் எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்தது. நீங்கள் வந்து பிள்ளைகளை மரத்தடிக்குக் கொண்டுபோனீர்கள். பெண்பிள்ளைகள் ஒரு வரி, ஆண்பிள்ளைகள் ஒரு வரி. எதிரில் நிற்பவரின் கையைப் பிடிக்கச் சொன்னீர்கள். பிடிக்கக் கை கிடைக்காமல் கடைசியில் சில பெண்பிள்ளைகள் முழித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் காட்டி, "இதுதான் கூட," என்றீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் யாரும் பிழைவிடவில்லை. அன்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இதை நான் உங்களிடம் அப்போதே சொல்லியும் இருக்கிறேன்.

எண்கோட்டையும் நீங்கள் மணலில்தான் கீறினீர்கள். பிள்ளைகள் கோட்டின் தொடக்கத்தில் நின்று ஒவ்வொரு பாய்ச்சலாகப் பாய வேண்டும். நிற்கிற இடத்தையே ஒன்று என்று எண்ணிவிடுவது அவர்களுடைய வழமை. "நிக்கிற இடம் ஒண்டு இல்ல, மனே. அது பூச்சியம். பாய்ஞ்சாத்தான் ஒண்டு," என்று வெயிலில் நின்று கத்துவீர்கள். தொண்டை கட்டிப்போனால் இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தருவது என் வேலை.

எதிலும் விட்டுக்கொடுக்கும் உங்களுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் இரக்கமே இருந்ததில்லை. வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள் புளியங்கொட்டையை எண்ணும்போது "லாபம், ரெண்டு, மூண்டு" என்று தொடங்குவார்கள். களவெட்டி என்கிற நெற்களத்தில் சூடடித்து நெல் அளக்கும்போது முதல் மரைக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்று சொல்லித்தான் கொட்டுவார்கள். நான் மீன்காரர் தெருவில் வளர்ந்தவள். முதல்முறை அதை வகுப்பில் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "அது களவெட்டிக்கு. வகுப்புக்குள்ள ஒண்டு. திரும்பச் சொல்லு," என்றீர்கள். உங்கள் அப்பாவின் களவெட்டியில் நெற்குவியலுக்குப் பக்கத்தில் இருந்து நீங்களும் அப்படித்தான் எண்ணப் பழகினீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நம் வீட்டுப் பிள்ளையைத்தானே நாம் கூடக் கண்டிப்போம்.

நீங்கள் ஓய்வு பெற்றுச் சில காலத்தில் பாரிசவாதம் வந்தது. கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். காலையில் கிணற்றடியில் விழுந்து கிடந்த உங்களைப் பக்கத்து வீட்டு மாமிதான் கண்டு கூக்குரல் போட்டார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் சேர்ந்து போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது உங்கள் வாயில் எஞ்சியிருந்தவை, "சரி", "பிழை", "திரும்பச் செய்". மருந்து கசந்தால் பிழை. கஞ்சியில் உப்புக் குறைந்தால் திரும்பச் செய். ஆசிரியத் தொழில் எதை விட்டுவைத்திருக்கிறது பார் என்று உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் அழுதாள்.

மகள் நல்லவள். கொழும்பில் வேலை, வெள்ளவத்தையில் மாடி வீடு. லீவு போட்டு வந்து உங்களோடு இருந்தாள். பகலில் சமைக்க ஒருத்தியைப் பிடித்தாள், இரவில் மாமி வந்து படுப்பதாக ஏற்பாடு. ஆனாலும் அவளுக்கு மனம் ஆறவில்லை. ஒருநாள் உங்களை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"மருந்துக் குளிசையை அம்மா தானே எண்ணி எடுக்க வேணும், டீச்சர். ஏதும் எண்டா தானே போன் எடுக்க வேணும். இந்த ரெண்டும் செய்தா இஞ்சயே இருக்கட்டும். இல்லாட்டிச் சித்திரை வருசப் பிறப்பு முடிய நான் கூட்டிக்கொண்டு போறன்."

நீங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பிழை," என்றீர்கள். அந்த வீட்டை விட்டுப் போவதைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரே சொல் அதுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரேயொரு பொத்தானை அழுத்தினால் தன்னுடைய போன் அடிக்கும்படி மகள் ஒழுங்கு செய்து தந்தாள். நீங்கள் அந்தப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். விடையை எழுதி வைத்துவிட்டுப் பிள்ளையிடம் கணக்கைக் கொடுக்கிற ஆசிரியையா நீங்கள்? வீம்பு பிடித்த மனுஷி. எனக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

அப்படித்தான் நான் உங்களுக்குக் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கினேன். பாடசாலை விட்டதும் நேரே உங்கள் வீடு. பெரிது, சிறிது. கூட, குறைய. முன், பின், இடையில். இவையெல்லாம் உங்களிடம் பத்திரமாக இருந்தன. எதைக் கேட்டாலும் இடது கையால் சரியாகக் காட்டினீர்கள். எண்தான் இல்லை. ஈர்க்கில் ஒன்றைத் தூக்கிக் காட்டி "ஒண்டு" என்பேன். நீங்கள் வாயைத் திறப்பீர்கள், காற்றுத்தான் வரும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தந்த பிள்ளையும் ஒண்டு, ஒண்டு என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். எழுதிய இலக்கங்களும் உங்களுக்கு வெறும் கிறுக்கலாகிவிட்டன. ஒருநாள் மேசையிலிருந்த ஈர்க்கில்களை ஒரே தட்டாகத் தட்டிவிட்டீர்கள். பொறுக்கி எடுக்கும்போது எனக்குப் பயம் பிடித்தது. சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் இல்லாத படுவான்கரைக்கு நான் தினமும் என்னத்துக்குப் பாதையேறி வருவது என்று இருந்தது.

சமைக்கிறவள் வராத ஒரு சனிக்கிழமை நான் உங்கள் குசினியில் சோற்றுக்கு அரிசி எடுத்தேன். நீங்கள் கதிரையில் இருந்து என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்தீர்கள். அரிசி அளக்கும் சுண்டு ஒன்றை நிரப்பித் தலைதட்டிப் பானையில் கொட்டினேன்.

"லாபம்," என்றீர்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கலைந்துவிடும் என்று தோன்றியது. அடுத்த சுண்டைக் கொட்டினேன். "ரெண்டு." அடுத்தது. "மூண்டு." நமக்கு மூன்று சுண்டே கூடுதல். ஆனால் நான் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தவில்லை. அரிசிப் பேணியில் இருந்ததெல்லாம் பானைக்குள் போனது. ஒண்டு என்று தொடங்கச் சொல்லி நாங்கள் எல்லோரும் உங்களிடம் பூட்டிக் கிடந்த கதவில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். எத்தனை பிள்ளைகளின் வாயிலிருந்து நீங்கள் அந்தச் சொல்லைப் பிடுங்கி எறிந்தீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள், கண்ணால் நீர் வழிந்தது. அன்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் நம் வீட்டுச் சோறுதான்.

குளிசை அன்றோடு சரியாகிவிட்டது. போன் அப்படி இலகுவில் மசியவில்லை. உங்களுக்கு எந்த எண்ணுக்கும் நேர் வழி கிடையாது. ஏழு வேண்டுமென்றால் லாபத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறி ஏழுக்கு வர வேண்டும். அடுத்த இலக்கத்துக்கு மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். ஒரு மட்டையில் இலக்கத்துக்கு ஒரு வரியாகக் கோடுகள் கீறினேன், ஏழுக்கு ஏழு கோடு. நீங்கள் கோடுகளை எண்ணுவீர்கள், பிறகு போனின் பொத்தான்களை முதலாவதிலிருந்து விரலால் தொட்டுத் தொட்டு அதே எண்ணுக்கு வந்து அழுத்துவீர்கள். மகளை வேலைநேரத்தில் குழப்பக் கூடாதென்று முதலில் என்னுடைய எண்ணுக்கு ஒரு மட்டை செய்து பழகினோம். மகளின் எண்ணுக்கு இன்னொரு மட்டை.

இதில் பூச்சியம் வந்து வழியை மறித்தது. நம் நாட்டுப் போன் எண் பூச்சியத்தில்தானே தொடங்கும். பூச்சியத்துக்கு நான் வெறும் வரி விட்டிருந்தேன். வெறும் வரியை நீங்கள் பேசாமல் தாண்டிப் போனீர்கள். ஒன்றும் இல்லாத இடத்தில் எதை எண்ணுவது? வெறும் சுண்டைக் காட்டி, "இதில எத்தினை, டீச்சர்?" என்று கேட்டேன். அரிசி அளக்கிற சுண்டை வெறுமையாக வைப்பது உங்கள் வீட்டில் வழக்கமில்லை. என்னை முறைத்துவிட்டு ஒரு பிடி அரிசியை அள்ளி அதற்குள் போட்டீர்கள். மறுபடி கொட்டிக் காட்டினேன், மறுபடி போட்டீர்கள். உங்களிடமிருந்த சுண்டு கடைசிவரை பூச்சியமாகச் சம்மதிக்கவில்லை.

பிறகுதான் உங்களுடைய எண்கோடே எனக்கு நினைவுக்கு வந்தது. முற்றத்து மணலில் தடியால் நீளமாக ஒரு கோடு கீறினேன். கைத்தடியோடு உங்களைக் கூட்டிவந்து தொடக்கத்தில் நிறுத்தினேன். காலை எடுத்து வைக்கப் போனீர்கள், பிடித்து நிறுத்தினேன்.

"இன்னும் பாயல்ல, டீச்சர். ஆனா நிக்கிறீங்க. இது என்ன இடம்?"

உங்கள் கால்களையே நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு தடியால் அந்த இடத்தில் இரண்டு தரம் குத்தினீர்கள். "சரி," என்றீர்கள். சொல் வரவில்லை, இடம் வந்துவிட்டது. அன்றைக்கே மட்டைகளில் வெறும் வரிகளில் எல்லாம் இரண்டு பாதங்களைக் கீறினேன். பாதத்தைக் கண்டால் நீங்கள் தாண்டவில்லை. பூச்சியம் போனில் ஒன்பதுக்கும் கீழே கடைசியில் இருப்பதைக் காட்டினேன். லாபத்துக்கு முன்னால் நிற்க வேண்டியதைக் கொண்டுபோய் அடியில் வைத்தவனை நினைத்து, "பிழை," என்றீர்கள். ஓம், பிழைதான் என்றேன்.

சித்திரை வருசத்துக்கு மகள் வந்தாள். பலகாரமெல்லாம் முடிந்த அடுத்த நாள், தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் மாமரத்தின் கீழ் போய் நின்றாள். "டீச்சர், நீங்க உதவக் கூடாது," என்று எனக்கு எச்சரிக்கை வேறு. நான் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பரீட்சை மண்டபத்தில் எத்தனையோ தரம் பிள்ளைகளுக்குக் காவல் நின்றிருக்கிறேன், எனக்கே பரீட்சை வைத்ததுபோல இருந்தது அன்றுதான். மேசையில் இரண்டு மட்டைகளும் கிடந்தன. நீங்கள் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினீர்கள். லாபம், ரெண்டு, மூண்டு. அழுத்தல். மறுபடி லாபம். ஓரிடத்தில் தடுமாறி நின்று, முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வந்தீர்கள். வெளியே மகள் போனைப் பார்ப்பதும் மரத்தைப் பார்ப்பதுமாக நின்றாள்.

போன் அடித்தது. என் கைப்பைக்குள்.

மகள் உள்ளே வந்தாள். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அம்மா, அது டீச்சர்ட நம்பர்," என்று குனிந்து மெதுவாகச் சொன்னாள். "மட்டை மாறிப் போச்சு, மக. இன்னொருக்காப் பார்ப்பம்," என்று நான் மற்ற மட்டையை எடுத்து நீட்டினேன்.

நீங்கள் எங்கள் இருவரையும், ஒரே பிழையைச் சேர்ந்து விட்ட இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தீர்கள். என் மட்டையில் இடது கையை வைத்து, "சரி," என்றீர்கள். விரலை என் பக்கம் நீட்டினீர்கள். பிறகு மகளின் மட்டையை எடுத்து, பஸ் போகிற தெருவின் பக்கமாகத் தூரத்துக்கு நீட்டிக் காட்டிவிட்டு, கீழே வைத்தீர்கள். "பிழை." அந்தக் கையாலேயே அவளுடைய கன்னத்தைத் தடவினீர்கள்.

அவளுக்கு என்னைவிட முதலில் விளங்கிவிட்டது. நிலத்தில் உட்கார்ந்து உங்கள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

"ஏதும் எண்டா உங்களுக்குத்தான் எடுப்பாவாம், டீச்சர். நான் கொழும்பில இருந்து வந்து சேர ஒரு இரவு போயிடும் எண்டு சொல்றா."

அந்த முறை பஸ்ஸில் அவள் தனியேதான் திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் என் போன் அடிக்கும். பேசுவதற்கு உங்களிடம் சொல் இல்லை. நான் "ஓம் டீச்சர்" என்பேன், நீங்கள் "சரி" என்பீர்கள். பாதையில் நிற்கும்போது அடித்தால் பக்கத்தில் நிற்பவர்கள் என்னை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். மாரிகாலத்தில் ஒருநாள் காலை, பாட நேரத்தில் அடித்தது. அந்த நேரத்தில் நீங்கள் ஒருநாளும் எடுத்ததில்லை. வகுப்பைப் பக்கத்து ஆசிரியரிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்தேன். கதிரையில் இருந்தீர்கள், முகம் வேர்த்திருந்தது, போன் மடியில். மார்பைக் காட்டினீர்கள். அம்புலன்சில் என் கையை விடவேயில்லை. அடுத்த நாள் மகள் வந்து சேரும்வரை இருந்தீர்கள். அவளைப் பார்த்தீர்கள். அந்த ஒரு இரவை நீங்கள்தான் அவளுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். நெஞ்சு நோவோடு ஒவ்வொரு இலக்கத்துக்கும் அடியிலிருந்து ஏறி ஏறி அழுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு அழுகை வரும், டீச்சர். வரட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

போன தவணையில் கணித ஆலோசகர் ஒருவர் என் வகுப்பைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். பிள்ளைகளிடம் வாய்க்கணக்குக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள். கூட்டல்தான், பெரிய கணக்கில்லை. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். ஆலோசகர் கொஞ்சம் பொறுத்துவிட்டு, "தெரியாது போல. அடுத்த பிள்ளை," என்றார்.

நான் அவளுடைய உதட்டைப் பார்த்தேன். மிக மெதுவாக அசைந்துகொண்டிருந்தது.

"பொறுங்க சேர்," என்றேன். "அவ வந்துகொண்டிருக்கா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிரித்த பிள்ளைகளும் அடங்கிவிட்டார்கள். அவள் வந்து சேரும்வரை நாங்கள் எல்லோரும் அங்கேயே காத்திருந்தோம்.